ஒன்பதில் மூன்று

சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சைக்காக என் கருமுட்டைகளை எடுத்த அன்று மாலை எங்களிடம் நீட்டப்பட்ட தாளில் மூன்றே வரிகள் இருந்தன. ஜிவி 4, எம்1 2, எம்2 3. மொத்தம் ஒன்பது. மருத்துவர் மூன்றாவது வரியின் கீழே பேனாவால் கோடிட்டு, இந்த மூன்றுதான் முதிர்ந்தவை, மற்றவை பயன்படா என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். பினாங்கில் உள்ள அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். இபிஎஃப் சேமிப்பிலிருந்து பணம் எடுத்து, இரண்டு வாரம் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு வந்தவளுக்கு ஐந்து நிமிடம் போதுமா என்ற குறை ஒன்றுதான் எனக்கு.

ஆயர் ஈத்தாம் வீட்டுக்குத் திரும்பியதும் அத்தை விவரம் கேட்டார். சொன்னேன். அவர் பெர்லிஸிலிருந்து தம்பி மகன் கொண்டுவந்த ஹருமானிஸ் மாங்காய்களை அரிசி டின்னுக்குள் ஒவ்வொன்றாக அழுத்திப் புதைத்துக்கொண்டிருந்தார். கையை எடுக்காமலேயே, “காயாப் பறிச்சிட்டாங்க போலம்மா” என்றார். குத்திக்காட்டும் நோக்கம் அவருக்கு இல்லை. எனக்குத்தான் குத்தியது.

நான் படிவம் ஆறு மாணவர்களுக்குப் பதினோரு ஆண்டுகளாக உயிரியல் கற்பிப்பவள். நொதிகள் பாடத்தைக் குறிப்பேடு இல்லாமல் நடத்துவேன். குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவை வெண்பலகையில் நான்கு நிறத்தில் வரைவேன். அப்படியிருந்தும், முட்டை முதிர்வது என்றால் என்ன என்று அன்றிரவு என்னை நானே கேட்டபோது, என் மனத்தில் இருந்த படம் அத்தையின் மாங்காய்தான் என்பது தெரிந்தது. நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பது. நன்றாகப் பழுத்தது, அரைகுறையாகப் பழுத்தது, பழுக்காதது என்று தரம் பிரிப்பது. அந்தப் படத்தில் பிழை இருக்கிறது என்பதைப் பள்ளி விடுமுறையில் உட்கார்ந்து படித்தபோதுதான் கண்டுகொண்டேன். ஓரிடத்தில் மட்டும் அத்தை சொன்னது நான் நினைத்ததைவிடச் சரியாக இருந்தது; அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று வரிகளுக்குப் பொருள். கருமுட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள செல். மனித உடலின் மிகப் பெரிய செல்களில் ஒன்று. ஜிவி என்ற நிலையில் அதன் உட்கரு பெரிய வட்டமாக, உறை கலையாமல், நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரியும். எம்1 நிலையில் அந்த உறை கரைந்து போயிருக்கும். குரோமோசோம்கள் கதிர் இழைகளில் வரிசைகட்டி நிற்கும். எம்2 நிலையில் பாதிக் குரோமோசோம்கள் துருவ உடல் என்ற சிறு பொட்டலமாக வெளியே தள்ளப்பட்டு, மீதிப் பாதியோடு முட்டை விந்தணுவுக்காகக் காத்து நிற்கும். முதிர்ச்சி என்று மருத்துவர் சொன்னது இந்த மூன்றாம் நிலையைத்தான்.

இந்தப் பயணம் தொடங்கிய இடம் எது என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் சுமார் இருபது வாரக் கருவாக இருக்கும்போது அவளுடைய சினைப்பைகளில் அறுபது முதல் எழுபது லட்சம் முட்டைச் செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம். வாழ்நாளில் வெளிவருபவை நானூறு அளவுக்கு. அத்தனையும் பிறப்பதற்கு முன்பே குன்றல் பிரிவின் முதற்கட்டத்தில் நுழைந்து, தந்தை வழிக் குரோமோசோமும் தாய் வழிக் குரோமோசோமும் கைகோத்துத் துண்டுகளைப் பரிமாறிக்கொண்ட பிறகு, அப்படியே நின்றுவிடுகின்றன. என் வயது முப்பத்தேழு. சுங்கை பட்டாணிக்கு அருகே ஒரு தோட்டத்தில் என் அம்மா நிறைமாதம் வரை பால்மரம் சீவிக்கொண்டிருந்த காலத்தில் நின்ற கடிகாரங்கள்தாம் அந்த ஒன்பதும்.

நின்றுவிட்டன என்று எழுதினேன். உண்மையில் அவை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. நிறுத்தி வைப்பதற்கு நாள் முழுவதும் வேலை நடக்கிறது. அந்த வேலையைச் செய்பவை புரதங்களை மாற்றியமைக்கும் நொதிகள்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாரின் மேசை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மை ஒற்றும் பஞ்சுப் பெட்டி ஒன்றும், மரக்கைப்பிடி போட்ட சாப், அதாவது முத்திரை, இரண்டும் அதன்மேல் இருக்கும். ஒரே மாதிரியான தாள்கள்தாம் அவர் முன்னால் குவிந்திருக்கும். நீலச் சாப் குத்தினால் அந்தத் தாளைக் காட்டி முன்பணம் வாங்கலாம். சிவப்புச் சாப் குத்தினால் அது அடுத்த மாதம் வரை அலமாரியில் தூங்கும். தாளில் எழுதியிருப்பது ஒரு சொல்கூட மாறியிருக்காது. செல்லுக்குள் பாஸ்பேட் செய்வது இதுதான். ஒரு பாஸ்பரஸ் அணுவும் சில ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த அந்தச் சிறு குழுவைப் புரதத்தின் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஒட்டுகின்ற நொதிக்குக் கைனேஸ் என்று பெயர். ஒட்டியதைப் பிய்த்தெடுக்கும் நொதி பாஸ்பட்டேஸ். கிராணியாரின் சாப்பை அழிக்க முடியாது, பாஸ்பேட்டை அழிக்க முடியும். உவமை அந்த இடத்தில் நொண்டும். எட்மண்ட் பிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1950களில் சியாட்டிலில் முயல் தசையிலிருந்த ஒரு நொதியை வைத்து இந்த ஒட்டலையும் பிய்த்தலையும் கண்டார்கள். அதற்கான நோபல் பரிசு 1992இல்தான் வந்தது. மனித மரபணுத் தொகுதியில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்க்கும்போது, இந்தச் சாப் குத்தும் தொழில் உயிருக்கு எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

எல்லாச் செல்லுக்கும் இது முக்கியம்தான். கருமுட்டைக்கு மட்டும் ஏன் இதில் இவ்வளவு கூடுதலான பிடிப்பு? காரணம் எளிது, ஆனால் எந்தப் பாடநூலும் அதை என் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வதில்லை. முழு வளர்ச்சி அடைந்த முட்டை தன் டிஎன்ஏவிலிருந்து புதிய ஆர்என்ஏ படியெடுப்பதை ஏறக்குறைய முற்றாக நிறுத்திவிடுகிறது. கருவுற்று, செல்கள் பிரியத் தொடங்கிய பிறகுதான் மறுபடியும் படியெடுப்பு ஆரம்பமாகிறது. இடைப்பட்ட காலத்தில் உட்கருவின் உறை கரையவேண்டும், குரோமோசோம்கள் பிரியவேண்டும், துருவ உடல் வெளியேறவேண்டும், விந்தணுவை ஏற்கவேண்டும். இவ்வளவையும் புதிய கட்டளைத் தாள் ஒன்றுகூட எழுதாமல், ஏற்கெனவே எழுதிச் சேர்த்து வைத்திருக்கும் தாள்களையும், ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் புரதங்களையும் கொண்டே முடிக்கவேண்டும். எழுதுகோலைக் கீழே வைத்துவிட்ட ஆபீசில் கிராணியாரின் சாப் மட்டும்தான் பேசும்.

சாப் குத்தப்படும் தாள்களில் முதன்மையானது சிடிகே1 என்ற புரதம். அதுவும் ஒரு கைனேஸ்தான். அது சைக்ளின் பி என்ற துணையோடு சேர்ந்து விழித்துக்கொண்டால் உட்கருவின் உறையைத் தாங்கும் புரதங்கள் மீதும் குரோமோசோம்களைச் சுருட்டும் புரதங்கள் மீதும் வரிசையாகப் பாஸ்பேட்டை ஒட்டி, முட்டையை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடும். அதன் உடம்பிலேயே இரண்டு வகைச் சாப் விழும். 161ஆம் இடத்திலுள்ள திரியோனின் என்ற அமினோ அமிலத்தின் மீது விழுவது அனுமதி. 14ஆம் இடத்துத் திரியோனின் மீதும் 15ஆம் இடத்து டைரோசின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தின் மீதும் விழுவது தடை. தடைச் சாப்பைக் குத்தும் நொதிகளில் ஒன்றுக்கு வீ1 என்று பெயர். 1970களில் பால் நர்ஸ் எடின்பரோவில் ஈஸ்ட் செல்களை ஆராய்ந்தபோது, இந்த மரபணு கெட்ட செல்கள் வளரும் முன்பே பிரிந்து குட்டியாகப் போவதைக் கண்டு, ஸ்காட்லாந்துக்காரர்கள் சிறியதற்குச் சொல்லும் ‘வீ’ என்ற சொல்லையே பெயராக வைத்துவிட்டார். தடைச் சாப்பைப் பிய்ப்பது சிடிசி25 என்ற பாஸ்பட்டேஸ்.

காத்திருக்கும் முட்டைக்குள் வீ1 குடும்பத்தைச் சேர்ந்த நொதி சுறுசுறுப்பாகவும், சிடிசி25 கைகட்டப்பட்டும் இருக்கவேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரச் செய்வது பிகேஏ என்ற இன்னொரு கைனேஸ். அதற்குத் தீனி சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு. முட்டையின் மேலுறையிலுள்ள ஜிபிஆர்3 என்ற ஏற்பி இடைவிடாமல் இந்த மூலக்கூறை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் முட்டைக்குள்ளேயே அதைச் சிதைக்கும் பிடிஇ3ஏ என்ற நொதியும் இருக்கிறது. அதைச் சிதைக்காமல் தடுத்து வைப்பது யார் என்று பார்த்தால், முட்டையைச் சூழ்ந்திருக்கும் சிறு செல்கள். அவை சைக்ளிக் ஜிஎம்பி என்ற வேறொரு மூலக்கூறை, முட்டைக்கும் தமக்கும் நடுவிலுள்ள நுண்ணிய வாசல்கள் வழியாக உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அது பிடிஇ3ஏயின் வாயை அடைக்கிறது. அந்த அனுப்புதல் நின்றால், அல்லது வாசல் மூடினால், சில மணி நேரத்தில் எல்லாம் தலைகீழாகும். பல ஆண்டு உறக்கம் இப்படி நிமிடத்துக்கு நிமிடம் ஊட்டப்படும் ஓர் உறக்கம்.

அத்தை சொன்னது சரியாக வரும் இடம் இது. 1935இல் கிரகரி பின்கஸும் இ. வி. என்ஸ்மனும் முயலின் சினைப்பையிலிருந்து முட்டைகளை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார்கள். எந்த ஹார்மோனும் கொடுக்கப்படவில்லை. அவை தாமாகவே குன்றல் பிரிவைத் தொடர்ந்தன. ஃபாலிக்கிள் என்ற நீர்ப்பை தன் முட்டையை முதிரச் செய்கிறது என்று பொதுவாக எண்ணியிருந்த நமக்கு, நீர்ப்பைதான் அதை முதிரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டிய சோதனை அது. பறித்து டின்னில் போட்ட காய் பழுப்பதைப் போலவே, தாயிடமிருந்து பிரித்த முட்டையும் நகரத் தொடங்குகிறது. இதே பின்கஸ்தான் பிற்காலத்தில் கருத்தடை மாத்திரையின் தந்தைகளில் ஒருவராக அறியப்பட்டார் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மனித முட்டை 12 மணி நேரத்தில் முதிர்ந்துவிடும் என்றும் பின்கஸ் தரப்பு எழுதியது. அதை நம்பிக் காத்திருந்த ராபர்ட் எட்வர்ட்ஸ் தட்டைத் திறந்து பார்த்து ஏமாந்தார். பிறகு பொறுமையாக நேரத்தை நீட்டிக்கொண்டே போனார். ஏறத்தாழ 25 மணி நேரம் கடந்த பிறகுதான் குரோமோசோம்கள் அசைந்தன. துருவ உடல் வெளியேற ஒன்றரை நாள் ஆயிற்று. 1965இல் அவர் அச்சிட்ட இந்தக் கணக்கின் மீதுதான் பின்னாளில் சோதனைக்குழாய்க் குழந்தை முறை நின்றது. 2010இல் அவருக்கு நோபல் கிடைத்தது. எனக்குப் போடப்பட்ட ஊசியின் நேரக் கணக்கும் அவருடைய தட்டிலிருந்து வந்ததுதான்.

அந்த ஊசியைப் பற்றி ஒரு சொந்தக் கதை. முட்டையை எடுப்பதற்கு 36 மணி நேரம் முன்பாகக் கடைசி ஊசி ஒன்றைப் போடவேண்டும். உடலில் இயற்கையாக எழும் எல்எச் ஹார்மோன் அலையை அது நடித்துக் காட்டும். எங்களுக்குக் கொடுத்த தாளில் இரவு 10:30 என்று அச்சிட்டிருந்தது. பக்கத்தில் யாரோ கையால் 9:30 என்று எழுதியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. மருத்துவமனைக்கு ஆறு முறை அழைத்தோம். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மருந்துக் குழாயை என் கணவர் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றியபடி, “எதை நம்புறது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அத்தை சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். அச்சிட்டதையே நம்பினோம். 10:30க்கு நானே போட்டுக்கொண்டேன். செவ்வாய் காலை 10:30க்கு முட்டைகளை எடுத்தார்கள். மறுகணக்கில் ஒரு மணி நேரம் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

ஒன்பதில் மூன்று என்ற தாளைப் பார்த்த பிறகு பல வாரங்கள் அந்த ஒரு மணி நேரத்தின் மேல்தான் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். நொதிகளைப் படித்தது அந்தப் பழியை எடுத்துப்போட உதவியது. எல்எச் அலை வந்ததும் முதலில் நடப்பது, சூழ்ந்துள்ள செல்களில் சைக்ளிக் ஜிஎம்பி சரிவது. வாசல்களை ஆக்கும் கனெக்சின் புரதத்தின் மீதும் பாஸ்பேட் விழுந்து அவை மூடிக்கொள்கின்றன. பிடிஇ3ஏ விடுபடுகிறது. சைக்ளிக் ஏஎம்பி குறைகிறது. பிகேஏ தளர்கிறது. சிடிசி25இன் கட்டு அவிழ்கிறது. உட்கருவின் உறை கரைவது 36 மணிக்கு வெகு முன்பே முடிந்திருக்கவேண்டிய கட்டம். என்னுடைய நான்கு முட்டைகளில் உறை அப்படியே இருந்தது என்றால், கடைசி ஒரு மணி நேரம் அதற்குக் காரணமாக இருக்கவே முடியாது. அவற்றில் சாவி திருப்பப்படவே இல்லை. சிறிய நீர்ப்பையில் இருந்த முட்டை, தேவையான அளவு சிடிகே1உம் அதன் கூட்டாளிகளும் சேர்த்து முடிக்காத முட்டையாக இருந்தால், என்ன ஊசி போட்டாலும் சாவி திரும்பாது.

சாவி என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். 1971இல் யோஷியோ மசூயி, கிளெமண்ட் மார்க்கெர்ட்டுடன் சேர்ந்து வெளியிட்ட தவளைச் சோதனை எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மிகவும் பிடித்தது. தவளையின் முட்டை ஒரு மில்லிமீட்டரைவிடப் பெரியது. ஊசியால் குத்தி உள்ளிருப்பதை உறிஞ்சலாம். புரொஜெஸ்டிரோன் ஹார்மோனை முட்டையின் வெளியே விட்டால் முட்டை முதிரும். உள்ளே செலுத்தினால் முதிராது. ஆக, வெளியே கேட்ட செய்தியை உள்ளே வேறு ஏதோ ஒன்று எடுத்துச் செல்கிறது. மசூயி முதிர்ந்த முட்டையிலிருந்து சிறு துளி சைட்டோபிளாசத்தை எடுத்து, ஹார்மோனையே பார்த்திராத இன்னொரு முட்டைக்குள் செலுத்தினார். அது முதிர்ந்தது. அந்த முட்டையிலிருந்து ஒரு துளி எடுத்து மூன்றாவதற்கு, அதுவும் முதிர்ந்தது. துளி துளியாகக் கைமாறும்போது சரக்கு நீர்த்துப் போகவேண்டும் அல்லவா? போகவில்லை. உறை மோர் குத்தினால் பால் தயிராகி, அந்தத் தயிரில் ஒரு கரண்டி அடுத்த பாலுக்கு உறையாவதைப் போல, ஒவ்வொரு முட்டையும் தன்னிடம் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பிக்கொண்டது. எம்பிஎஃப் என்று பெயரிடப்பட்ட அந்தப் பொருள் என்ன என்று பதினேழு ஆண்டுகள் யாராலும் பிரித்தெடுத்துக் காட்ட முடியவில்லை. 1988இல் லோகா, ஹேய்ஸ், மேலர் ஆகிய மூவரும் அதைத் தூய்மைப்படுத்தினார்கள். அது சிடிகே1உம் சைக்ளின் பியும் சேர்ந்த இணை என்று தெரிந்தது. சைக்ளினை டிம் ஹண்ட் 1982இல் கடல் முள்ளெலி முட்டைகளில் கண்டிருந்தார். 2001இல் ஹண்ட், நர்ஸ், ஹார்ட்வெல் மூவருக்கும் நோபல் கிடைத்தது. 1998இல் நர்ஸுடனும் ஹார்ட்வெல்லுடனும் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்ட மசூயியின் பெயர் அதில் இல்லை. ஒரு நோபலை மூவருக்கு மேல் பகிர முடியாது என்பது விதி. தவளை முட்டையைப் படித்த எவருக்கும் அது உறுத்தும்.

தயிர் உறைவதற்குப் பின்னால் உள்ள இயக்கம் இது: விழித்த சிடிகே1 தன்னை எழுப்பிய சிடிசி25இன் மீது பாஸ்பேட் ஒட்டி அதை மேலும் சுறுசுறுப்பாக்குகிறது, தன்னைத் தூங்க வைத்த வீ1 மீது ஒட்டி அதை முடக்குகிறது, கிரேட்வால் என்ற கைனேஸைக் கிளப்பி, தான் ஒட்டிய பாஸ்பேட்டுகளைப் பிய்க்கவரும் பிபி2ஏ பாஸ்பட்டேஸைத் தள்ளிநிற்க வைக்கிறது. ஓரளவுக்கு மேல் போனால் திரும்பி வர வழி இல்லை. 1998இல் ஸ்டான்போர்டில் ஜேம்ஸ் ஃபெரல் தரப்பினர் தவளை முட்டைகளுக்கு அரைகுறை அளவு ஹார்மோன் கொடுத்து, கூட்டமாக அரைக்காமல் ஒவ்வொரு முட்டையாகத் தனித்தனியே பார்த்தார்கள். பாதி விழித்த முட்டை என்று ஒன்று இல்லை. சில முழுக்க விழித்தன, சில முழுக்க உறங்கின. என்னுடைய மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கை, ஒவ்வொரு முட்டையும் மூன்றில் ஒரு பங்கு தரம் என்று நான் மனத்துக்குள் மொழிபெயர்த்து வைத்திருந்தேன். மாம்பழத்தில் செம்பழம் உண்டு. முட்டையில் இந்த வாசலைத் தாண்டுவதில் செம்பழம் இல்லை.

வாசலைத் தாண்டியபின் வழியில் நின்றவைதான் அந்த இரண்டு எம்1 முட்டைகள். அங்கே வேலை செய்வது இன்னொரு வகை மாற்றம்: யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தையே அடையாளமாக இன்னொரு புரதத்தின் மேல் கட்டி, செல்லின் அரைவை இயந்திரத்துக்கு அனுப்புவது. ஏவ்ரம் ஹெர்ஷ்கோ, ஆரன் சிகனோவர், இர்வின் ரோஸ் ஆகியோருக்கு 2004இல் வேதியியல் நோபல் பெற்றுத் தந்தது இதுதான். ஏபிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பெரிய நொதிக் கூட்டு இந்த அடையாளத்தைச் சைக்ளின் பிக்கும் செக்யூரினுக்கும் கட்டுகிறது. செக்யூரின் அழிந்ததும் அது பிடித்து வைத்திருந்த செப்பரேஸ் என்ற வெட்டும் நொதி விடுதலை பெற்று, குரோமோசோம்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும் கொஹீசின் வளையங்களை அறுக்கிறது. எல்லா வளையங்களையும் இப்போதே அறுத்துவிட்டால் இரண்டாவது பிரிவில் குரோமோசோம்கள் தறிகெட்டுப் போகும். ஆகவே நடுப்பகுதி வளையங்களுக்குக் காவல் உண்டு. காவல்காரப் புரதத்துக்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் ஷுகோஷின், அதாவது காவல் தெய்வம், என்று பெயரிட்டார்கள். எங்கள் தோட்டத்து எல்லையில் அரிவாளோடு நின்ற முனியாண்டி நினைவுக்கு வருகிறார். இந்த முனியாண்டியின் கையில் அரிவாள் இல்லை. பிபி2ஏ பாஸ்பட்டேஸை வைத்திருக்கிறது. வளையத்தில் பாஸ்பேட் இருந்தால்தான் செப்பரேஸ் வெட்டும். பிபி2ஏ அதைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது.

வயது வந்து உட்காரும் இடமும் இதுவே. கொஹீசின் வளையங்கள் கருவில் இருக்கும்போதே போடப்பட்டவை; பிறகு புதுப்பிக்கப்படுவதில்லை என்று எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. முப்பத்தேழு ஆண்டுப் பழைய கயிறு. காவலும் நாளடைவில் மெலிகிறது. தவறாகப் பிடித்த இழைகளைப் பாஸ்பேட் ஒட்டி விடுவித்து, மறுபடி பிடிக்க வைக்கும் அரோரா கைனேஸ்கள் திருத்திக்கொண்டே இருந்தாலும், கயிறே தளர்ந்தால் அவற்றால் ஆவது கொஞ்சம். வயதான எலிகளின் முட்டைகளில், முதிர்ச்சியின்போது ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசிட்டைல் குழுக்களை அகற்றும் வேலையும் அரைகுறையாகிறது. அத்தையின் உறவினர் ஒருவர் இதையெல்லாம் வெந்நீரும் கருஞ்சீரகமும் சரிசெய்யும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பதில் எழுதாமல் விட்டேன்.

இரண்டாவது நிறுத்தம் எம்2. அதைப் பிடித்து வைப்பதற்கும் கைனேஸ் ஒன்று உண்டு. மோஸ் என்று பெயர். சேமித்து வைத்த ஆர்என்ஏவிலிருந்து முதிர்ச்சியின்போதுதான் அது செய்யப்படுகிறது. 1994இல் மோஸ் மரபணுவை நீக்கிய எலிகளை வளர்த்தபோது, அவற்றின் முட்டைகள் விந்தணு வராமலேயே பிரியத் தொடங்கின. சினைப்பையில் கட்டிகள் வந்தன. எமி2 என்ற இன்னொரு புரதம் ஏபிசியின் மேல் உட்கார்ந்து சைக்ளினை அழியவிடாமல் காக்கிறது. விந்தணு நுழையும்போது தன்னோடு கொண்டுவரும் பிஎல்சி சீட்டா என்ற நொதி, முட்டைக்குள் கால்சியத்தை அலை அலையாக எழுப்புகிறது. அந்த அலையில் விழிக்கும் கைனேஸ் எமி2 மீது பாஸ்பேட் ஒட்டி அதை அழிவுக்கு அனுப்புகிறது. அதே அலையில் முட்டையின் ஓரத்துச் சிறுபைகள் வெடித்து ஓவஸ்டாசின் என்ற நொதியைக் கக்க, அது முட்டையின் மேலுறைப் புரதத்தை வெட்டி மாற்றி, இரண்டாவது விந்தணு ஒட்டாதபடி கதவைச் சாத்துகிறது.

ஆரம்பத்தில் சொன்ன வீ1 குடும்பத்தில், முட்டைக்குள் வேலை செய்யும் நொதியைத் தரும் மரபணுவுக்கு வீ2 என்று பெயர். அதன் இரண்டு பிரதிகளும் பழுதான பெண்களைப் பற்றி 2018இல் சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தப் பெண்களின் முட்டைகள் எம்2 வரை நன்றாகவே வந்துவிடுகின்றன. விந்தணுவைச் செலுத்தினால் கருவுறுவதில்லை. சிடிகே1ஐ அணைக்க அந்தக் கட்டத்தில் தடைச் சாப் தேவைப்படுகிறது, குத்த ஆள் இல்லை. பார்வைக்கு முதிர்ந்த முட்டை என்பது எவ்வளவு குறைவாகச் சொல்லும் சொல் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

என்னுடைய மூன்றில் இரண்டு கருவுற்றன. அந்தக் கதையை வேறொரு நாள் எழுதுகிறேன். இங்கே எழுதவேண்டியது, மருத்துவர் பயன்படா என்று சொன்ன ஆறில் ஒன்றைப் பற்றி. மறுநாள் காலை ஆய்வகத்திலிருந்து ஓர் இளைஞர் அழைத்தார், தமிழ்ப் பிள்ளை. “டீச்சர், எம்1 ரெண்டையும் தட்டுலயே விட்டு வெச்சேன். ஒண்ணு நைட்டுல எம்2க்கு வந்துருச்சு. ஊசியில விந்தணு போட்டுப் பாக்கலாமா? பெருசா நம்பிக்கை வெக்காதீங்க” என்றார். நான் சம்மதித்தேன். அது கருவுறவில்லை. குரோமோசோம்கள் வந்து சேர்ந்த அளவுக்குச் சைட்டோபிளாசம் வந்து சேர்ந்திருக்காது என்று அவர் பொறுமையாக விளக்கினார். கால்சியக் கிடங்குகளும் சேமித்த ஆர்என்ஏவும் வேறொரு கால அட்டவணையில் தயாராகின்றன, தட்டில் அவசரப்படுத்தியதால் இரண்டும் ஒன்றாக வரவில்லை. அத்தையிடம் சொன்னபோது, “டின்னுல போட்டது வெளிய மஞ்சளா இருக்கும், அறுத்தா கொட்டகிட்ட புளிக்கும், அதானே?” என்றார். அதேதான் என்றேன்.

அந்த இளைஞரிடம் கேட்டு அதன் படத்தை வாங்கி வைத்திருக்கிறேன். சாம்பல் நிறப் பின்னணி. கண்ணாடி வளையம்போல் தடித்த மேலுறை. உள்ளே மணல் தூவியதுபோல் நுண்ணிய புள்ளிகள் நிறைந்த ஒரு வட்டம். கடிகாரத்தில் ஒரு மணி காட்டும் திசையில், உறைக்கும் முட்டைக்கும் நடுவிலுள்ள குறுகிய இடுக்கில், கொஞ்சம் நசுங்கி, ஒரு சிறு உருண்டை.